கட்டிலுக்கு ஒரு முகவரி

ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதி இருக்கிறது. நானூறு பேர் தங்கியிருந்தார்கள். ஆனால் இணையத்தின் கண்ணுக்கு அங்கே ஒரே ஒருத்திதான் வசித்தாள். அவள் பெயர் சுகப்பிரியா.

இது தங்கமாரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியவந்தது. தங்கமாரி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். காருக்கு ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் ட்ரெய்னி. அந்த மாதத்தோடு ட்ரெய்னி காலம் முடிகிறது. உழைப்போர் உயர்கல்வி வாரியத்தின் டிப்ளமோ படிப்பில் பதிவு செய்தவர்களைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் சக்கரம் வைத்த பையும் கொடுத்து ஊருக்கு பஸ் ஏற்றிவிடும். ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் அவளுக்காகக் காத்திருந்தது. மருந்து ஒட்டிய விரலோடு சோறு சாப்பிடுவது எப்படி என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்றுதான் ஒரகடத்துக்கு வந்தாள்.

பதிவு இணையம் வழியாக மட்டுமே. விடுதியின் வைஃபையில் வாரியத்தின் தளத்தைத் திறந்தாள்.

“வணக்கம் சுகப்பிரியா. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. மீண்டும் மீண்டும் வராதீர்கள்” என்றது தளம்.

சுகப்பிரியா வேறு யாருமில்லை, தங்கமாரியின் கட்டில்காரி. விடுதியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். நைட் ஷிஃப்ட்காரி பகலில் படுப்பாள், மற்றவள் இரவில் படுப்பாள். ஷிஃப்ட் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். கட்டில் ஒருநாளும் ஆறுவதில்லை. அப்போது அதில் படுத்திருந்த சுகப்பிரியா போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, எம் பேர வச்சு என்ன நோண்டுத?”

“நான் நோண்டல. நீதான் உள்ள உக்காந்துட்டு கதவ அடைச்சு வச்சிருக்க.”

“நான் போன வாரமே பதிஞ்சிட்டேன்லா. பொறாமையா ஒனக்கு?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாரியத்தின் உதவி எண்ணில் ஓர் ஆண் குரல் பேசியது. “ஒரு முகவரிக்கு ஒரு விண்ணப்பம்மா. உங்க வைஃபை முகவரியிலேர்ந்து ஒருத்தர் போட்டாச்சு.”

“சார், இங்க நானூறு பேரு இருக்கோம்.”

“சிஸ்டத்துல நீங்க ஒரே ஆள்தான்.”

“நான் தங்கமாரி சார்.”

“அதை சுகப்பிரியாகிட்ட சொல்லுங்க” என்று குரல் அணைந்துவிட்டது.

வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டு நெட்டில் போட்டுப் பார்த்தாள். “வணக்கம் முனிரத்தினம், அரக்கோணம்” என்று வந்தது. பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், கோயில் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாள். “வணக்கம் தாமோதரன்” என்றது.

“இங்க வர்றவங்க எல்லாரும் தாமோதரன்தாம்மா” என்றார் கடைக்காரர். “நானும் தாமோதரன்தான். என் பேரு பாஸ்கர். இன்னா பண்றது? அட்ரஸ் பத்தல. உலகத்துக்கே பத்தல. அதுக்குன்னு வல்லம் ரோட்டுல ஓர் ஆணையமே வச்சிகினு கீறாங்க, போய்ப் பாரு.”

மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னால் அங்கே போனாள். ஆணையத்தின் முழுப் பெயர் ‘தொழில் வழித்தட இணைய முகவரி மாற்ற ஆணையம்’. கண்ணாடி பதித்த கட்டடம். வாசலில் ஒரு பலகையில் அதன் வரலாறு எழுதியிருந்தது. இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய வகை முகவரிகள் உலக மக்கள்தொகையைவிடக் குறைவு, அவை என்றோ தீர்ந்துவிட்டன. ஆகவே புதிய வகை கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கொசுவுக்கு ஒன்று, கொசுவின் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று என்று கொடுத்தாலும் தீராது. எல்லோரும் புதியதற்கு மாறும் வரையில் பழையதைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. ‘மாறும் வரையில்’ என்ற சொற்களுக்குக் கீழே இருந்த தேதியை வெவ்வேறு நிறப் பெயின்டில் பலமுறை திருத்தியிருந்தார்கள்.

வாசலில் உட்கார்ந்திருந்த கடைநிலை ஊழியர் யாக்கோபு, தண்டலத்துக்காரர், அவள் வந்த விஷயத்தைக் கேட்டார்.

“புது அட்ரஸ் வேணுமா? வெப்சைட்ல அப்ளை பண்ணும்மா.”

“பண்ணுனேன் அண்ணாச்சி. தொறக்கல.”

“தொறக்காது. புது அட்ரஸ் வச்சிகினு வந்தாதான் தொறக்கும்.”

“புது அட்ரஸ் கேட்டுத்தான வாரேன்?”

“கரீட்டு. அதுக்குத்தான் வெப்சைட்டு.”

“அப்பொ நீங்க எப்படி அதத் தொறந்து பாக்கீக?”

“நாங்க எங்க பாக்கறோம்? ஆபீஸ்ல இன்னும் பழசுதான் ஓடிகினு கீது” என்று குரலைத் தாழ்த்தினார் யாக்கோபு. “செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பி கீது, நம்ம வூட்டாண்ட பைப்பு வரல. அந்தக் கதைதான். ஐயாவைப் பாக்கறியா? மனு இருந்தா சந்தோஷப்படுவாரு. யாரும் வர்றதே இல்ல.”

ஆணையர் முனைவர் மணிகண்டபிரபு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அவர் அறையில் இரண்டு மேசைகள், இரண்டு நாற்காலிகள், இரண்டு பெயர்ப்பலகைகள் இருந்தன. அவர் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தார். புதிய மேசைமீது கம்பெனி சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

“இதைத்தான் நாங்கள் இரட்டை நிலை என்கிறோம்” என்று மேசைகளைக் காட்டி விளக்கினார். “மாறும் காலத்தில் பழையதும் இருக்க வேண்டும், புதியதும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தினமும் தூசி தட்டுகிறோம்.”

“புது மேசையில எப்போ சார் உக்காருவீக?”

“எனக்கு வரும் கோப்புகள் எல்லாம் பழைய மேசைக்குத்தான் வருகின்றன. நான் மட்டும் அங்கே போய் உட்கார்ந்தால் யாரோடு வேலை செய்வது? அனுப்புகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ஆணையரே பழைய மேசையில்தான் இருக்கிறார், நாங்கள் ஏன் அங்கே அனுப்ப வேண்டும் என்கிறார்கள். இதில் தவறு யார்மேலும் கிடையாது. அதுதான் இந்தத் திட்டத்தின் அழகு.”

தங்கமாரி தன் கதையைச் சொன்னாள். மாதம் முடியப்போவதையும், பதிவின் கடைசி நாளையும் சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸைச் சொல்லவில்லை. அது ஆணையத்தின் வரம்புக்குள் வராது என்று அவளுக்கே தெரிந்தது.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உன் செல்போன் எப்போதோ புதிய முகவரிக்கு மாறிவிட்டதம்மா. போன் கம்பெனிகள் விஷயத்தில் நம் நாடு உலகத்துக்கே முன்னால் நிற்கிறது. வாரியத்தின் தளம்தான் மாறவில்லை. ஆகவே உன் புதிய முகவரியை வழியில் ஓர் இயந்திரம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பழைய முகவரியைக் கொடுத்து அனுப்புகிறது. அதை முனிரத்தினத்துக்கும் கொடுத்திருக்கிறது. முன்னேறிய நீ, முன்னேறாத இடத்துக்குப் போகும்போது முனிரத்தினமாகப் போகிறாய். பெருமைப்பட வேண்டிய விஷயம்.”

“வாரியத்த மாறச் சொல்லலாம்லா சார்?”

“சொன்னோம். பயன்படுத்துகிறவர்கள் மாறட்டும், பிறகு நாங்கள் மாறுகிறோம் என்றார்கள். அமெரிக்காவிலும் அதையேதான் சொல்கிறார்கள். நாம் உலகத் தரத்தில் தாமதமாகிறோம்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். “ஆனால் உன் மனு எங்களுக்கு வந்த முதல் மனு. உன் விடுதியை ஒரு முன்மாதிரி விடுதியாக்கிவிடுகிறேன். வாரியமும் தொடக்க விழா அன்றைக்கு ஒரு நாள் மட்டும் புதிய முகவரிகளை ஏற்கும். நான் பேசிக்கொள்கிறேன்.”

அடுத்த நாளிலிருந்து விடுதியில் மாற்றம் தொடங்கியது. முதலில் விழிப்புணர்வுக் கோலப் போட்டி. புதிய முகவரியின் எழுத்துகளையும் எண்களையும் வரிசை மாறாமல் கோலமாகப் போட வேண்டும். முகவரி வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய் டீக்கடை வரையில் நீண்டது. பிறகு உறுதிமொழி. “நான் மாறுவேன், பிறரையும் மாற்றுவேன், பிறர் மாறும் வரையில் பொறுத்திருப்பேன்” என்று எல்லோரும் கையை நீட்டிச் சொன்னார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் கையை நீட்டியபடியே தூங்கினார்கள்.

அதன்பிறகு தகரப் பலகைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நீளமான முகவரி. கூடவே ஒரு சிறிய வெள்ளை வைஃபை பெட்டி. ஆட்கள் அறை அறையாகப் போய்க் கட்டிலின் தலைமாட்டில் ஆணி அடித்தார்கள். இனி அந்தக் கட்டிலுக்கு உரியவர் இணையத்தைத் திறந்தால் அந்தக் கட்டிலின் முகவரி போகும். ஏற்கெனவே போட்ட விண்ணப்பங்களும் அவரவர் கட்டில் முகவரிக்கு மாற்றப்பட்டுவிட்டதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

வார்டன் கிளியம்மாள் நோட்டீஸைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள்.

“இன்னாது இது? கட்டிலுக்கு ஒண்ணா? ஒரு கட்டில்ல ரெண்டு பொண்ணு படுக்குது சார்.”

பலகை அடிக்க வந்த ஆள், “எங்களுக்குக் கட்டில் எண்ணத்தான்மா சொன்னாங்க. ஆளை எண்ணச் சொல்லல” என்றார்.

கிளியம்மாள் ஆணையருக்கே போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

“ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் படுக்கிறார்களா?”

“இல்ல சார். ஒண்ணு போனா ஒண்ணு வரும்.”

“அப்படியானால் எந்த நேரத்திலும் ஒரு கட்டிலுக்கு ஒருவர்தானே? கணக்கு சரியாக இருக்கிறது.”

“உங்களாண்ட கொசுக் காலுக்குக் கூட கொடுக்கற அளவுக்கு கீதுன்னு உங்க ஆபீஸ் போர்டுல போட்டிருக்கீங்களாமே சார்!”

“இருப்பதற்காக இறைக்க முடியாதம்மா. சிக்கனம் என்பது ஆணையத்தின் மரபு.”

போனை வைத்துவிட்டுக் கிளியம்மாள் தங்கமாரியைப் பார்த்தாள். “உன் பேஜாரு இன்னாடி, விடாது போல கீதே.”

தொடக்க விழா விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அதுவே பதிவின் கடைசி நாள். மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் போகிறவர்களையும், காலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்களையும் கூடம் நிறைய உட்கார வைத்திருந்தார்கள். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. மேடையில் ஒரு கட்டில் இருந்தது. அது தங்கமாரியுடைய கட்டில். சம்பங்கி மாலை போட்டு, தகரப் பலகைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பின்னால் பெரிய திரை. ஆணையருக்குப் பக்கத்தில் வாரியத்தின் செயலாளர் அறிவுமதி அம்மாள் கையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஆணையர் பேசினார். “உலகில் எத்தனையோ நாடுகள் முகவரியை மனிதனுக்குக் கொடுக்கின்றன. மனிதன் நிலையற்றவன். இன்று ஒரகடத்தில் இருப்பான், நாளை ஓசூருக்குப் போவான். கட்டில் நிலையானது. ஆகவே நாம் கட்டிலுக்குக் கொடுக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்று. நான் பெருமையோடு சொல்வேன், இத்தனை ஆண்டுகளும் நாங்கள் தயாராக இருந்தோம். தயாராக இருப்பது எவ்வளவு கடினம் தெரியுமா? மாறியவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. தயாராக இருப்பவனுக்கு முடிவதே இல்லை!”

கைதட்டச் சொல்லி யாக்கோபு ஓரத்திலிருந்து சைகை காட்டினார். தட்டினார்கள்.

“இப்போது முதல் பயனாளி!”

தங்கமாரியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானூறு பேருக்கு நடுவில் இத்தனை நாளும் சத்தமில்லாமல் இருந்தவள் அவள். லைனில் சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே காது சூடாகும். கட்டிலில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். கையில் டேப்லெட்டைக் கொடுத்தார்கள். வாரியத்தின் தளத்தைத் தொட்டாள். பின்னால் திரையில் எழுத்துகள் ஆளுயரத்துக்கு வந்தன.

“வணக்கம் சுகப்பிரியா. தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.”

“வெற்றி!” என்றார் ஆணையர். “புதிய முகவரி வேலை செய்கிறது! பார்த்தீர்களா, பெயர் சொல்லி வரவேற்கிறது!”

“சார், என் பேரு தங்கமாரி.”

ஆணையர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். “போட்டோ எடுக்கும் வரையில் சுகப்பிரியாவாக இரும்மா. ஒரு நிமிஷம்தானே.”

“எனக்கு இன்னைக்கு கடைசி நாளு சார்.”

“குறையை எழுதிக் கொடு. அடுத்த கட்டத்தில் பார்ப்பார்கள்.”

அடுத்த கட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் தங்கமாரியின் வலது கை தன்னால் மேலே போனது.

ஹெட்லைட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். உன் முன்னால் குறையோடு ஒரு விளக்கு வந்தால் அதை அடுத்த ஆளுக்குத் தள்ளாதே. தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் கயிற்றை இழு. கயிறு எட்டவில்லையென்றால் கையைத் தூக்கிக் கத்து. ஒரு பாட்டு ஒலிக்கும். லைன் நிற்கும். எல்லோரும் எழுந்து, இரண்டடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். குறை கண்ட இடத்திலேயே சரியாக வேண்டும். நிறுத்தியவள் ‘ஓகே’ சொல்லாமல் லைன் ஓடக்கூடாது, மேனேஜரே வந்தாலும். தங்கமாரி அந்தக் கயிற்றை ஒருமுறைகூட இழுத்ததில்லை. இழுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம்.

“லைன் ஸ்டாப்!” என்றாள்.

மைக்கை மூடியிருந்த ஆணையரின் கை நழுவியிருந்ததால் அது தெரு வரையில் கேட்டது.

முதலில் சுகப்பிரியா எழுந்தாள். நைட் ஷிஃப்ட் தூக்கம் கண்ணிலிருந்தது. ஆனால் கை சரியான இடத்துக்குப் போனது. லைன் நிற்கும்போது வரும் பாட்டை அவள் கேலிக்காகத் தன் போனில் ரிங்டோனாக வைத்திருந்தாள். அதை அழுத்தினாள். ஐஸ் வண்டி வருவது போன்ற அந்த மெட்டு கூடத்தில் ஒலித்ததும், நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லாப் பெண்களும் எழுந்தார்கள். இரண்டடி பின்னால் போனார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

ஆணையர் சிரித்துப் பார்த்தார். “உட்காருங்கள். அடுத்தது நன்றியுரை.”

யாரும் உட்காரவில்லை.

“இவர்கள் என்ன கேட்கிறார்கள்?” என்று அறிவுமதி அம்மாள் கிளியம்மாளிடம் கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலம்மா. லைன் நின்னு போச்சு. அந்தப் பொண்ணு சொன்னாதான் ஓடும்.”

“பஸ் நேரமாகிறதே?”

“ஆவும்” என்றாள் கிளியம்மாள்.

பஸ் நேரம் ஆனது. டிரைவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பிறகு கம்பெனியிலிருந்து ஆணையருக்கு போன் வந்தது. மதிய ஷிஃப்ட் வராமல் அங்கே நிஜ லைன் நிற்கப்போகிறது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கத்தியது முதல் வரிசைக்கே கேட்டது. ஆணையர் எழுந்து நின்று, போனுக்கு முதுகை வளைத்துப் பதில் சொன்னார். “இது உலகளாவிய மாற்றம் சார். நாங்கள் தனியாக ஒன்றும்...” அந்தப் பக்கம் குரல் இன்னும் உயர்ந்தது. அவர் போனை அறிவுமதி அம்மாளிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஆளுக்குத் தள்ளுவது ஆணையருக்குத் தெரிந்த வேலை.

அறிவுமதி அம்மாள் கேட்டு முடித்துவிட்டுத் தங்கமாரியிடம் வந்தார். “உனக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்துவிடுகிறேன். என் போனிலேயே பதிந்துகொள். இவர்களைப் போகச் சொல்.”

தங்கமாரி கட்டிலிலிருந்து எழுந்து, அவளும் இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டாள்.

“குறை அப்படியே அடுத்த ஆளுக்குப் போகும்மா. தள்ளக் கூடாது.”

“வேறு என்னதான் செய்ய வேண்டும்?”

“ஒரு முகவரிக்கு ஒரு ஆளுன்னு எழுதி வச்சிருக்கீகளே, அத எடுங்க. நாங்க எந்த முகவரியில வந்தா என்ன? ஆளுக்கு ஒரு பேரு இருக்குல்லா? அதக் கேளுங்க.”

“அந்த விதி முறைகேட்டைத் தடுக்க வைத்தது.”

“தடுத்திட்டு. ரொம்ப நல்லாவே தடுத்திட்டு” என்று பின்னாலிருந்து சுகப்பிரியா சொன்னாள். கையைக் கட்டியபடியே பல பேர் சிரித்தார்கள்.

அறிவுமதி அம்மாள் யாருக்கோ போன் செய்தார். “அந்த ஒரு வரி... ஆமாம், அதைத்தான். எடுத்துவிடு. இல்லை, குழு கூட்ட வேண்டாம். இப்போதே.” வாழ்க்கையில் முதல்முறையாகக் குழு கூட்டாமல் ஒரு காரியம் செய்ததால் அவர் முகம் வெளிறியிருந்தது.

“இதற்கு மேசையே தேவைப்படவில்லையே” என்று ஆணையர் மெல்லச் சொன்னார். அதில் வருத்தம் இருந்தது.

தங்கமாரி டேப்லெட்டைக் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். தன் போனை எடுத்து, விடுதியின் பழைய வைஃபையில், எல்லோருக்கும் பொதுவான அந்தப் பழைய முகவரியிலிருந்தே தளத்தைத் திறந்தாள். இந்த முறை அது யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ‘உங்கள் பெயர்?’ என்று ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டினாள். பதிவு எண் வந்தது.

ஆணையர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஓகே சொல்லம்மா. பஸ் நிற்கிறது.”

“எனக்கு ஓகே சார்” என்றாள் தங்கமாரி. “லைனுக்கு இன்னும் ஓகே இல்ல.”

அவள் மறுபடியும் வலது கையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தாள். முதலில் நின்றவள் போனை எடுத்துப் பெயரை எழுதினாள். பிறகு அவளுக்கு அடுத்தவள், அதற்கடுத்தவள். ஒவ்வொருத்தியும் முடித்ததும் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வெளியே ஹாரன் நின்றுவிட்டது. டிரைவர்கள் இறங்கி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். கடைசி வரிசையின் ஓரத்தில் நின்ற பெண்ணும் பெயர் சொல்லி முடித்த பிறகு தங்கமாரி கையை இறக்கினாள்.

“ஓகே.”

கூடம் காலியாகி, பஸ்கள் கிளம்பின. ஆணையர் நன்றியுரையை விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தார். முன்மாதிரி விடுதியில் மாற்றம் முழு வெற்றி அடைந்ததாக அதில் முன்பே எழுதியிருந்தது, திருத்தத் தேவை இருக்கவில்லை. மேடையில் இருந்த கட்டில் மட்டும் அதைக் கேட்டது. அதிலும் மாலையைத் தள்ளிவிட்டு, தகரப் பலகையின் ஆணியில் துப்பட்டாவை மாட்டிவிட்டு, சுகப்பிரியா தன் ஷிஃப்ட் தூக்கத்தைத் தொடங்கியிருந்தாள்.